பட்டாபிராமில் வண்டி எடுப்பது: அன்றும் இன்றும்

பட்டாபிராமில் அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் அவருடைய முதல் வண்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த வருடம் பதிந்து வைத்தார், எத்தனை வருடம் காத்திருந்தார், யாரிடம் கடன் வாங்கினார் என்பதெல்லாம் வரிசையாக வரும். அதோடு ஒரு மெக்கானிக்கின் பெயரும் வரும். வண்டியை விற்ற கடையின் பெயர் மட்டும் பெரும்பாலும் வராது. கடை அவருக்கு ஒரு நாள் உறவு, மெக்கானிக்தான் இருபது வருட உறவு.

இன்று அவருடைய பேரன் வண்டி எடுக்கிறான். எந்த மாடல், எவ்வளவு மைலேஜ், டிஸ்க் பிரேக் உண்டா என்று மாதக்கணக்கில் வீடியோ பார்க்கிறான். எந்தக் கடையில் எடுப்பது என்பதற்கு ஐந்து நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. தள்ளுபடி எங்கே அதிகமோ அங்கே போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறான். தாத்தா கடையைப் பற்றி யோசிக்காததற்குக் காரணம் இருந்தது. பேரனுக்கு அந்தக் காரணம் இல்லை.

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையில் இருக்கும் பட்டாபிராம், ராணுவத்தையும் ரயிலையும் நம்பி வளர்ந்த ஊர். மிலிட்டரி சைடிங்குக்கு மின்ரயில் போய்வரும் ஊர் இது. பக்கத்தில் ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. எச்.வி.எஃப். என்ற அந்தத் தொழிற்சாலை, ஓ.சி.எஃப். என்ற ராணுவ உடைத் தொழிற்சாலை என்று இரண்டு பெயர்களைச் சொன்னாலே இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதியின் வரலாற்றைச் சொன்ன மாதிரி. சங்கு ஊதும் நேரத்துக்கு முன்னால் சைக்கிள்கள் ஆறாக ஓடிய சாலைகள் இவை. அந்தச் சைக்கிள்களைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் இருந்தது. சைக்கிளிலிருந்து மோட்டார் வண்டிக்கு மாறுவதென்றால் அன்று ஒரு வீட்டுக்கு அது கல்யாணத்துக்கு அடுத்த செலவு.

பணம் மட்டும் இருந்தால் போதாது. 1960ஆம் ஆண்டின் ஸ்கூட்டர் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை என்ற சட்டம் யாருக்கு, எந்த வரிசையில், எந்த விலைக்கு ஸ்கூட்டர் விற்கலாம் என்பதை அரசின் கையில் வைத்திருந்தது. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்குக்குப் பத்து ஆண்டுகள்வரை காத்திருந்தவர்கள் உண்டு. மகள் பிறந்தபோது பதிந்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபின் எடுத்து வந்தவர்கள் உண்டு. அலாட்மென்ட் கடிதத்தையே கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு. வரிசையில் நம் எண் வந்துவிட்டால், கொடுத்த நிறத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். நீலம் கேட்டவருக்குப் பச்சை வந்தால் பச்சைதான். அந்த இடத்தில் வாங்குபவர் கடையைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. வரிசைதான் அவரைத் தேர்ந்தெடுத்தது.

மோட்டார் சைக்கிள் என்று எடுத்துக்கொண்டால் புல்லட், மைசூரின் ஜாவாவும் யெஸ்டியும், எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். இவ்வளவுதான் ஏறக்குறைய முழுப் பட்டியல். புல்லட் நம் ஊர் வண்டி. ராணுவம் எல்லைக் காவலுக்குக் கேட்டதால் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் வரவழைத்த வண்டி, 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானபின் திருவொற்றியூரிலேயே தயாராகத் தொடங்கியது. ராணுவக் கிடங்குகள் சூழ்ந்த பட்டாபிராமில் அந்தத் தடதட சத்தம் யாருக்கும் புதிதில்லை.

இந்த வண்டிகளுக்கு ஒரு பொதுக் குணம் இருந்தது. எந்தக் கோளாறையும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் சரிசெய்யலாம். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது, பாயின்ட் செட் பண்ணுவது, கார்புரேட்டரைப் பிரித்து ஊதுவது, டூ-ஸ்ட்ரோக் வண்டியென்றால் சைலன்சரைக் கழற்றிக் கரி எடுப்பது. கல்லூரி மாணவனே கற்றுக்கொண்டான். முடியாததை மரத்தடி மெக்கானிக் பார்த்துக்கொண்டார். உதிரிபாகம் வேண்டுமென்றால் ரயிலேறிப் போய்ப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வாங்கி வரலாம். தொழிற்சாலையில் டாங்கியின் எஞ்சினையே பிரித்துப் பூட்டிய கைகள் இருக்கும் ஊரில் மோட்டார் சைக்கிளுக்கு வைத்தியர் கிடைக்காமல் போவாரா? ஐடியல் ஜாவா நிறுவனம் 1996இல் மூடப்பட்டது. அதன்பிறகும் யெஸ்டி ஓடியது, இன்றும் ஓடுகிறது. கம்பெனியே இல்லாமல் வண்டி ஓட முடிந்த காலத்தில், கடை நல்லதா கெட்டதா என்பது பெரிய கேள்வியாக இருக்க நியாயமில்லை.

1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1984, 85இல் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானியக் கூட்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. வரிசை கரைந்தது. 1990களில் வாங்குபவரைத் தேடிக் கடைக்காரர் வரத் தொடங்கினார். இந்த மாற்றத்தை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய மாற்றம்தான்.

வாங்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். தொழிற்சாலை ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர்கள் என்பதால் அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் அட்வான்ஸ் என்று ஒன்று இருந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். வட்டி எவ்வளவு என்பது அரசாணையில் இருக்கும், யாரும் ஏமாற்ற முடியாது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அந்த அட்வான்ஸ் நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபரில் தொழிற்சாலைகளே அரசுக் கம்பெனிகளாக மாறிவிட்டன. படைவீரர்களுக்கு ராணுவக் கேன்டீன் வழி இன்றும் இருக்கிறது. கேன்டீன் துறைக்குப் பணம் கட்டி, அது தரும் ஆர்டர் தாளோடு ஷோரூமுக்குப் போகிறார்கள். வண்டியின் விலை அந்தத் தாளிலேயே முடிவாகியிருக்கும். அந்தத் தாளை நீட்டுபவரிடம் ஷோரூமில் பேசும் விதத்தையும், தாள் இல்லாமல் நிற்பவரிடம் பேசும் விதத்தையும் பக்கத்தில் நின்று கவனித்தால், எழுத்தில் இருக்கும் விலைக்கு என்ன மதிப்பு என்பது புரியும்.

இன்றைய பட்டாபிராம் வேறு ஊர். 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா இங்கே திறக்கப்பட்டது. பக்கத்தில் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை கடக்கிறது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாக இங்கேவரை மெட்ரோ ரயில் கொண்டுவரத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் நோக்கி சி.டி.எச். சாலையில் வந்தால் வழியெல்லாம் கண்ணாடி போட்ட ஷோரூம்கள். எல்லாக் கம்பெனியும் இருக்கிறது, எல்லா நிறமும் இருக்கிறது, வாசலில் பலூனும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, எல்லாக் கம்பெனி வண்டியும் கிடைக்கும் என்று பலகை வைத்த சிறிய கடைகளும் உண்டு. இவர்கள் பெரும்பாலும் சப் டீலர்கள், அல்லது வேறு டீலரிடமிருந்து எடுத்து விற்பவர்கள். பில் யார் பெயரில் வருகிறதோ அவர்தான் சட்டப்படி விற்பனையாளர். சிரித்துப் பேசி டீ வாங்கிக் கொடுத்தவர் அவராக இல்லாமலும் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு கேள்வியாகக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கடை இவ்வளவு முக்கியமாகிப் போனது ஏன்? முதல் காரணம் வண்டிக்குள் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்பனையாகும் வண்டிகளுக்கு பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்தது. கார்புரேட்டரின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சார்களும் பிடித்துக்கொண்டன. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் மரத்தடி அண்ணனால் ஊகிக்கத்தான் முடியும். கம்பெனியின் ஸ்கேனரை மாட்டித்தான் கோளாறின் குறியீட்டைப் படிக்க வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் 2019இலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்கும் தனிப் பாடம். ஐந்து வருட வாரண்டி தருகிறோம் என்கிறார்கள், ஆனால் குறித்த காலத்தில் குறித்த இடத்தில் சர்வீஸ் விட்டால்தான் அது செல்லும். தாத்தாவுக்கு ஒரு நாள் உறவாக இருந்த கடை, பேரனுக்கு ஐந்து வருட உறவாகிவிட்டது.

இரண்டாவது காரணம் நீதிமன்றத்தில் இருக்கிறது. கோவாவில் ஒருவர் 2011 மாடல் கார் கேட்டுப் பணம் கட்டினார். டீலர் அவருக்குக் கொடுத்தது 2009இல் தயாரான, ஏற்கெனவே சில நூறு கிலோமீட்டர் ஓடிய கார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, டீலர் செய்த தவறு தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. நிறுவனமும் டீலரும் தனித்தனி வியாபாரிகள் என்பதே அதன் அடிப்படை. காருக்குச் சொன்னது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். பெரிய கம்பெனியின் பலகை வாசலில் தொங்குகிறது என்பதால் கடைக்காரரின் ஒவ்வொரு செயலுக்கும் கம்பெனி ஜாமீன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை.

இனி கொட்டேஷனுக்கு வருகிறேன். நம்பகமான கடையா என்பது அந்த ஒரு தாளிலேயே பாதி தெரிந்துவிடும்.

“ஆன்-ரோடு ஒண்ணேகால் வரும் சார், டவுன் பதினஞ்சு கட்டுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்” என்று வாயால் சொல்வார்கள். ஒண்ணேகாலில் என்னென்ன அடக்கம் என்று கேட்டால், “எல்லாம் சேத்துதான் சார்” என்பார்கள். எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். ஷோரூம் விலை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம்வரையான இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 10 விழுக்காடு, அதற்கு மேல் 12. ஆக வரி 9,000. பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200, கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 500, இதோடு சேவைக் கட்டணமாகச் சிறு தொகை. வரி போக, ஆர்.டி.ஓ. செலவு என்று நாலாயிரம், ஐயாயிரம் போட்டிருந்தால் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த பட்டியலில் 75க்கு மேல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், 350 சி.சி. வரை 7,365 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது ஒன்றுதான். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வரும். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதை மறுபடி எடுக்கத் தேவையில்லை. எங்களிடம்தான் இன்சூரன்ஸ் போட வேண்டும், இல்லையென்றால் வண்டி கிடையாது என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாதென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் 2017 முதலே சொல்கின்றன. இதை எடுத்துச் சொன்னதும் முகம் மாறும் கடையில் வண்டி எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிறகு அந்தக் குட்டி வரிகள். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டாக்குமென்டேஷன். வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, துடைத்து, சரிபார்த்துக் கொடுப்பது விற்பவரின் வேலை, ஷோரூம் விலையில் அது அடக்கம். சாரி கார்டு, பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இரண்டும் மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி வண்டியோடு வர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்கள், ஆக்சஸரி கணக்கில் ஆயிரம் ரூபாய் போடும் பொருள்கள் இல்லை. வண்டி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. தரத்திலான ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று விதி 138 சொல்கிறது. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விலையும் 2019 ஏப்ரலிலிருந்து தயாரான வண்டிகளின் விலைக்குள்ளேயே இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகப் பணம் கட்டியவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் என்று விசாரித்தால் வருத்தமாக இருக்கும். ஷிஃப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது.

கடன் விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு. 80,000 ரூபாயை மூன்று வருடத்துக்கு 10 விழுக்காடு ஃபிளாட் வட்டிக்குத் தருகிறோம் என்றால் கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கும். மொத்த வட்டி 24,000, மாதத் தவணை சுமார் 2,889. ஆனால் நாம் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம், வட்டியோ முழு எண்பதாயிரத்துக்கும் கடைசி மாதம்வரை ஓடுகிறது. உண்மையான வட்டி ஏறக்குறைய 18 விழுக்காடு ஆகிறது. கடனின் முழுச் செலவையும் ஆண்டு விழுக்காடாகக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் பையன் தர மறுத்தால் உங்கள் சம்பளம் வரும் வங்கியிலேயே கேட்டுப் பாருங்கள்.

வண்டியைக் கையில் எடுக்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படிவம் 21 என்னும் விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் வருடமும் எழுதப்பட்டிருக்கும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்டாக்கும் டெமோ வண்டியும் புது வண்டி விலைக்குப் போவது இந்தத் தாளைப் படிக்காதவர்களிடம்தான். தாமதமான தாள் என்ன செய்யும் என்பதை 2020இல் பார்த்தோம். பி.எஸ். 6க்கு முந்தைய பி.எஸ். 4 வண்டி வாங்கியவர்களில், மார்ச் 31க்குள் டீலர் அரசின் வாகன் பதிவுத் தளத்தில் விவரம் ஏற்றியிருந்தவர்களுக்குத்தான் அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பதிவுக்கு வழிவிட்டது. வாங்கியவர்கள் பணம் கட்டியிருந்தார்கள், விதியை முடிவுசெய்தது கடைக்காரரின் சுறுசுறுப்பு. இப்போது ஒரு நன்மை, 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆர்.சி. தபாலில் நேராக வீட்டுக்கு வருகிறது. ஆர்.சி.யைக் கடையில் வைத்துக்கொண்டு இன்று வா, நாளை வா என்று அலைக்கழிக்கும் வழக்கம் தானே ஒழிந்தது.

எலெக்ட்ரிக் வண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையே வேண்டாம், போனிலேயே வாங்கலாம் என்று ஆரம்பித்தார்கள். ஓலா எலெக்ட்ரிக்கின் தொழிற்சாலை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சர்வீஸ் தாமதம் உள்ளிட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை வைத்து 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. மெக்கானிக்கும் தொட முடியாத, கடையும் பக்கத்தில் இல்லாத வண்டி பழுதானால் எங்கே போவது என்ற கேள்விக்கு வாங்கும் முன்பே பதில் வேண்டும்.

சரி, நல்ல கடையை எப்படித்தான் கண்டுபிடிப்பது? என்னைக் கேட்டால் முன்பக்கம் போகவே வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டரை, ஒன்பது மணிக்கு அந்தக் கடையின் சர்வீஸ் வாசலில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். வண்டி விட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். “அண்ணே, எத்தனை நாள்ல குடுக்கறாங்க? பில்லு சொன்ன மாதிரி வருதா? மாத்துன பழைய பார்ட்ட கைல குடுக்கறாங்களா?” நம் ஊரில் இதற்கு யாரும் பதில் சொல்லாமல் போக மாட்டார்கள். ஜாப் கார்டில் வேலையையும் மதிப்பீட்டையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களா, ஐந்து வருடம் ஆன வண்டிகளும் அங்கே நிற்கின்றனவா என்று பாருங்கள். வாரண்டி முடிந்த பிறகும் ஆட்கள் திரும்பி வரும் கடை நல்ல கடை. பட்டாபிராமில் இருப்பவர் மூவாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக நகரத்தின் மறுகோடியில் வண்டி எடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பெனியின் எந்த சர்வீஸ் நிலையத்திலும் விடலாம் என்பது உண்மைதான், ஆனால் விற்றவருக்கு இருக்கும் பொறுப்பு மற்றவருக்கு இருக்காது.

அன்று ஏமாந்தால் மனதுக்குள் புழுங்குவதைத் தவிர வழி குறைவு. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. கடை எங்கே இருந்தாலும் பட்டாபிராம்காரர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்குக் கட்டணமே கிடையாது. வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். இரண்டுக்கும் தேவை தாள்கள்தான். கொட்டேஷன், பில், பணம் கட்டிய ரசீது, ஜாப் கார்டு.

இந்தத் தீபாவளிக்கோ ஆயுத பூஜைக்கோ வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டும் முன் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று தனித்தனியாக எழுதி, கடையின் முத்திரையோடு தரச் சொல்லுங்கள். தயங்காமல் தருகிற கடையில் எடுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள், சி.டி.எச். சாலையில் அடுத்த ஷோரூம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.